ஏழு பேர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால்

அக்கா பையன் இரண்டாம் உலகப்போரை வைத்துச் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் மூழ்கிக் கிடக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால் தென்னாப்பிரிக்காவை எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறான். "நான் சண்டைக்கே போகல மாமா, நியூட்ரல். ஒரே ஒரு பட்டன்தான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பட்டன் நிஜத்திலும் இருந்தது. 1939 செப்டம்பர் 4 அன்று கேப் டவுன் நாடாளுமன்றத்தில் அதை அழுத்தப் பார்த்தார்கள். 67 பேர் அழுத்தினார்கள், 80 பேர் கையைத் தட்டிவிட்டார்கள். ஏழே ஏழு பேர் பக்கம் மாறியிருந்தால் 74-73. பிரிட்டிஷ் டொமினியன்களில், அதாவது பிரிட்டிஷ் மன்னரின் கீழ் சுயாட்சி நடத்திய நாடுகளில், அயர்லாந்தைப்போல இன்னொன்றும் ஒதுங்கி நின்றிருக்கும்.

மற்ற இடங்களில் கதை வேறு. பிரிட்டன் போரில் இறங்கிவிட்டது, ஆகவே நாமும் இறங்கிவிட்டோம் என்று ஆஸ்திரேலியாவில் பிரதமர் மென்சீஸ் ரேடியோவில் சொல்லி முடித்துவிட்டார். கனடா ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, நாடாளுமன்றத்தைக் கூட்டி, செப்டம்பர் 10 அன்று அறிவித்தது. நமக்கு அதுவும் இல்லை. வைஸ்ராய் லின்லித்கோ யாரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அந்தக் கோபத்தில்தான் காங்கிரஸ் மந்திரிசபைகள் வெளியேறின. சென்னையில் ராஜாஜியும் அக்டோபரில் ராஜினாமா செய்தார்.

தென்னாப்பிரிக்காவில் மட்டும் இது வீட்டுச் சண்டையாக வெடித்தது. பிரதமர் ஹெர்ட்சாக், துணைப் பிரதமர் ஸ்மட்ஸ், இருவருமே பிரிட்டனை எதிர்த்து, போயர்கள் எனப்பட்ட டச்சு வழிவந்த வெள்ளையர்கள் நடத்திய போயர் போரில் சண்டை போட்ட ஜெனரல்கள். 1934-இல் கட்சிகளை இணைத்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் வந்தவர்கள். ஸ்மட்ஸ் லண்டன்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஹெர்ட்சாக்குக்கோ, 'போருக்குப் போகாமல் இருக்கும் உரிமை இல்லையென்றால் சுயாட்சி எதற்கு?' என்ற கேள்வி உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது. நியாயமான கேள்விதான்.

இதில் அதிர்ஷ்டமும் புகுந்து விளையாடியது. அந்த வாரம் நாடாளுமன்றம் கூடியதே செனட் என்ற மேலவையின் ஆயுட்காலத்தை நீட்டிக்க. அந்தச் சில்லறை வேலை இல்லாமலிருந்தால், சபையைக் கூட்டாமலேயே ஹெர்ட்சாக் சில வாரங்களை ஓட்டியிருக்கலாம். சபையில் பேசியபோதும் அவர் வாயைக் கட்டவில்லை. நாம் ஏன் விலகி நிற்க வேண்டும் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்திய வெர்சாய் ஒப்பந்தத்தால் அது பட்ட அவமானத்தை விளக்கி, ஹிட்லருக்கு வக்காலத்து வாங்குவதுபோலப் பேசிவிட்டார். ஊசலாடிக்கொண்டிருந்த சிலர் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எதிர்ப்பக்கம் போனார்கள் என்று சொல்வார்கள்.

தோற்றதும், சபையைக் கலையுங்கள், தேர்தலுக்குப் போகிறேன் என்று கேட்டார். மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் பேட்ரிக் டங்கன் மறுத்துவிட்டார். டங்கன் யார்? முன்பு ஸ்மட்ஸின் மந்திரிசபையில் இருந்தவர்! ஸ்மட்ஸ் பிரதமரானார், செப்டம்பர் 6 அன்று ஜெர்மனி மீது போர் அறிவித்தார். என்னைக் கேட்டால், அந்த ஏழு ஓட்டைவிட டங்கனின் ஒரு கையெழுத்துதான் பெரிய திருப்பம். தேர்தல் நடந்திருந்தால் ஹெர்ட்சாக் ஜெயித்திருக்க நிறைய வாய்ப்பிருந்தது.

சரி, ஒதுங்கி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் வரைபடத்தை விரித்துவிடுவார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் மத்தியதரைக் கடல் வழி ஆபத்தாகிவிட்டது. எகிப்துக்குப் போன பிரிட்டிஷ் படைக் கப்பல்கள் கேப் டவுனையும் டர்பனையும் தொட்டுக்கொண்டுதான் சுற்றிப் போயின. 1942 மே மாதம் மடகாஸ்கர் மீது பாய்ந்த படை டர்பனிலிருந்துதான் கிளம்பியது. அந்தத் துறைமுகங்கள் இல்லாவிட்டால் எகிப்தே போயிருக்கும் என்பது இவர்கள் வாதம்.

எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஹெர்ட்சாக்கின் தீர்மானத்தை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். கேப் டவுன் பக்கத்திலிருக்கும் சைமன்ஸ்டவுன் கடற்படைத் தளத்தை பிரிட்டன் பயன்படுத்தலாம் என்ற பழைய ஏற்பாட்டில் அவர் கை வைக்கவே இல்லை. ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றைத் திறந்து வைத்த நடுநிலைமை அது. தங்கமும் வழக்கம்போல லண்டனுக்குப் போயிருக்கும். அதையும் மீறி முறுக்கிக்கொண்டிருந்தால் பிரிட்டன் சும்மா இருந்திருக்காது. 1940 மே மாதம் ஐஸ்லாந்து நடுநிலை நாடுதான், பிரிட்டிஷ் படை போய் இறங்கவில்லையா? ஆக, போரின் முடிவு மாறியிருக்காது, கொஞ்சம் இழுத்திருக்கும் என்பது என் கணக்கு.

வரைபடத்தில் தெரியாத இடத்தில்தான் மாற்றம் நடந்திருக்கும். அந்த 67 ஓட்டுகளைப் பாருங்கள். அதில் ஹெர்ட்சாக்கின் சொந்த ஆட்கள் கொஞ்சம்தான் அதிகம். மீதி மலான் கட்சி, 1938 தேர்தலில் 27 இடம் பிடித்த ஆப்பிரிக்கானர்களின், அதாவது போயர் வழிவந்த வெள்ளையர்களின், தீவிரக் கட்சி. ஸ்மட்ஸ் ஆட்கள் எதிர்வரிசைக்குப் போய்விட்டால் மலான் தோளில் கைபோடாமல் ஹெர்ட்சாக் ஒரு நாள்கூட ஆட்சி நடத்த முடியாது. நிஜத்தில் மலான் ஆட்சிக்கு வந்தது 1948-இல், கையில் அபார்ட்ஹெய்ட் என்ற நிறவெறிக் கொள்கையோடு. நடுநிலைமை ஜெயித்திருந்தால் அவர் ஒன்பது வருடம் முன்பே உள்ளே வந்திருப்பார்.

அதற்காக ஸ்மட்ஸை நல்லவராக்க வேண்டாம். 1936-இல் கேப் மாகாணத்துக் கறுப்பு மக்களைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து தூக்கிய மசோதாவுக்கு இருவருமே சேர்ந்துதான் கைதூக்கினார்கள். 169-க்கு 11. இதில் மட்டும் ஜெனரல்களுக்குள் சண்டையே இல்லை! போர் வந்த பிறகும் கறுப்புப் படையாட்களுக்குத் துப்பாக்கி தரவில்லை, காவல் காக்க ஈட்டி கொடுத்து நிறுத்தினார்கள்.

ஆனாலும் போர் ஒரு விரிசலை உண்டாக்கியது. ஆலைகள் பெருகின, கறுப்புத் தொழிலாளர்கள் நகரங்களுக்கு வந்தார்கள். 1941-இல் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும், எந்த மக்களும் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்ன அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். ஸ்மட்ஸ் அந்த அணியில் நின்றார். 1943-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் அந்தச் சாசனத்தையே கையில் எடுத்து, 'இதில் இருப்பதெல்லாம் எங்களுக்கும் உண்டுதானே?' என்று ஓர் ஆவணம் தயாரித்தது. அடுத்த வருடம் மண்டேலா, டாம்போ, சிசுலு எல்லாம் சேர்ந்து இளைஞர் அணியைத் தொடங்கினார்கள். நடுநிலை அரசு சர்ச்சில், ரூஸ்வெல்ட் பக்கத்திலேயே இல்லையென்றால், அதன் வார்த்தையை வைத்தே அதை மடக்குவது எப்படி?

நம் ஆட்கள் கதையும் இதில் வருகிறது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போனவர்களின் வழிவந்தவர்கள் டர்பனில் இருந்தார்கள். அவர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்த 1946-இல் ஸ்மட்ஸே ஒரு சட்டம் போட்டார். டர்பனில் சத்தியாகிரகம் தொடங்கியது. இந்தியா விஷயத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. ஐ.நா. சாசனத்தின் முகவுரையை எழுத உதவிய அதே ஸ்மட்ஸ், இந்தியக் குழுவின் தலைவர் விஜயலட்சுமி பண்டிட் பேசுவதை அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. தீர்மானமும் நிறைவேறியது. போரில் ஒதுங்கி நின்ற அயர்லாந்துக்கு ஐ.நா.வில் இடம் கிடைத்தது 1955-இல்தான். தென்னாப்பிரிக்காவும் அப்படி வெளியே நின்றிருந்தால், அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்துக் கேட்பது?

இதையெல்லாம் பையனிடம் சாப்பிடும்போது சொன்னேன். பாதியைக் கேட்டான், பாதி நேரம் ரசத்தில் இருந்தான். கடைசியில் நான்தான் கேட்டேன்: "உன் விளையாட்டில் அந்த ஊர் கறுப்பு ஜனங்களுக்கு என்ன பட்டன் இருக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "பட்டன் இல்ல மாமா. மேன்பவர்னு ஒரு நம்பர் இருக்கும், அதுல சேர்ந்துடுவாங்க" என்றான்.