"அவரே சொல்றாருண்ணே"

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேரம் மன்றத்தில் ஒரு பெரியவர், "காசு உள்ள வந்துச்சு, விளையாட்டு செத்துப்போச்சு. அந்தக் காலத்துல நாட்டுக்காக ஆடுனாங்க" என்றார். போர்டில் பவுடர் தூவிக்கொண்டிருந்த பையன்கள்கூடத் தலையாட்டினார்கள். வயதில் மூத்தவர், அங்கே எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலம் யாருடைய காலம்?

இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டிக்கு 1879-இல் ஒரு விதி எழுதினார்கள். கூலிக்குக் கைத்தொழில் செய்பவன், உடலுழைப்பில் பிழைப்பவன் 'அமெச்சூர்', அதாவது காசுக்காக ஆடாதவன், ஆக முடியாது, அவனுக்குப் போட்டியில் இடமில்லை. 1920-இல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கர் விண்ணப்பித்தார். செங்கல் அடுக்கும் கொத்தனார் வேலை பார்த்தவர். மறுத்துவிட்டார்கள். அவருடைய கிளப் மீது ஏற்கெனவே தடை இருந்தது ஒரு காரணம், அவர் கையால் உழைத்தவர் என்பது இன்னொரு காரணம். அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் ஜெயித்த ஆங்கிலேயரையே முந்திக்கொண்டு கெல்லி தங்கம் வாங்கினார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், காசிமேட்டில் வலை இழுத்தவர், பின்னி மில்லில் தறி ஓட்டியவர் என்று எங்கள் அப்பா, தாத்தா அத்தனை பேரும் அந்த விதிப்படி வாசலுக்கு வெளியேதான். ஜிம் தோர்ப் என்ற அமெரிக்கத் தடகள வீரர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். முன்பு சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடினார் என்று சொல்லி மறு ஆண்டே பிடுங்கிக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்க 1982 வரை ஆனது. அதற்குள் மனிதர் செத்து இருபத்தொன்பது வருஷம்.

சோற்றுக்குக் கவலை இல்லாதவன்தான் காசு வேண்டாம் என்று ஆட முடியும். அதைப் புனிதம் என்று என்னால் கும்பிட முடியவில்லை.

2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தபோது எங்கள் தெருவே நிமிர்ந்தது. 2008-இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். அவரை ஒரு சோப்பு விளம்பரத்தில்கூட நான் பார்த்ததில்லை. எங்களுக்கு வணிகம் அதிகமாகிவிட்டது என்ற குறையே இல்லை. அது எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

அப்படியானால் எல்லாமே சரியா? இல்லை.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் தங்கம் வாங்க மேடையேறியபோது தோளில் தேசியக் கொடியைப் போர்த்தியிருந்தார். சட்டையில் ரீபாக் முத்திரை, அவர் ஒப்பந்தம் போட்டிருந்ததோ அதன் போட்டிக் கம்பெனியான நைக்கியோடு. கொடி அந்த முத்திரையை மறைக்கும் துணியானது. எனக்கு அது உறுத்துகிறது. ஆனாலும் அதனால் எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

அணைந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மன்றத்துப் பையன் ஒருவன். விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏலத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. கட் அடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பணம் கட்டி ஆடும் ஆப் ஒன்றில், தங்கச்சி காலேஜுக்குச் சேர்த்து வைத்திருந்த பதினெட்டாயிரத்தை இரண்டு வாரத்தில் விட்டான். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். போனைத் திருப்பி ஒரு பெரிய கிரிக்கெட் வீரரின் விளம்பரத்தைக் காட்டினான். "அவரே சொல்றாருண்ணே. அவரு போய் பொய் சொல்வாரா?"

அந்த வீரர் ஓடி ஓடி எடுத்த ரன்னுக்கு எவ்வளவு வாங்கினாலும் எனக்குச் சந்தோஷம். இந்தப் பையன் அவர் மேல் வைத்த நம்பிக்கை அவர் சம்பாதித்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை விற்றபோது நஷ்டம் விழுந்தது இவன் தலையில்.

2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு சட்டம் போட்டு இப்படிப்பட்ட ஆட்டங்களைத் தடை செய்தது. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே அப்படி ஒரு ஆப்பின் பெயர் இறங்கியது. சட்டம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 2001-இல் பாட்மின்டனில் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்று வந்த கோபிசந்த், பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று குளிர்பான விளம்பரத்தை மறுத்தார். அன்று அவர் ஒன்றும் கோடீஸ்வரர் இல்லை. எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவும் இல்லை.

வீரர்களே, காசு வாங்குங்கள். விலையை உயர்த்தியே கேளுங்கள். எதை விற்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், இங்கே உங்கள் முகத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள்.

அந்தப் பையன் மன்றத்துக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. கடனை அடைக்க ராத்திரியும் வேலைக்குப் போகிறான். அவனுடைய ஸ்ட்ரைக்கரை ஸ்விட்ச் போர்டுக்கு மேலே எடுத்து வைத்திருக்கிறோம், வேறு யாரும் அதை எடுத்து ஆடுவதில்லை.