மெட் மேடைக்கு முன்பே பெவர்லி சில்ஸ் நட்சத்திரம்
1975-இல் நியூயார்க்கின் ‘மெட்’ எனப்படும் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா (இசை நாடக) அரங்கில் பாடிய பிறகுதான் அமெரிக்க ஆப்பெரா பாடகி பெவர்லி சில்ஸ் நட்சத்திரம் ஆனார் என்று அவரைப் பற்றிய கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புரூக்ளின் யூதக் குடும்பத்தில் பெல் சில்வர்மேனாகப் பிறந்தவர், 1955 முதலே அதே நகரின் மற்றோர் ஆப்பெரா குழுவான நியூயார்க் சிட்டி ஆப்பெராவில் பாடிவந்தார். 1966-இல் அங்கே இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘ஜூலியஸ் சீசர்’ ஆப்பெராவில் கிளியோபாட்ராவாகப் பாடியதுதான் திருப்புமுனை. 1969-இல் இத்தாலியின் மிலான் நகரில் உள்ள புகழ்பெற்ற ஆப்பெரா அரங்கான லா ஸ்காலாவிலேயே பாடிவிட்டார். மெட் மேடை ஏறியபோது அவருக்கு வயது 45! ருடால்ஃப் பிங் மெட்டின் பொது மேலாளராக இருந்த 1972 வரை அந்த மேடையில் அவர் குரல் ஒலிக்கவே இல்லை. அந்தக் கிளியோபாட்ரா ஒலிப்பதிவை எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன். இந்தக் குரலை சில்ஸின் மகளால் கேட்க முடிந்ததில்லை, அந்த மகள் பிறவியிலேயே காது கேளாதவராக இருந்தார் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் நெஞ்சு கனத்துவிடும். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.