முதல் பந்தியில் உட்கார்ந்த பாவம்

நேற்று ராத்திரி பதினொன்றே கால். எடிட்டிங் கம்ப்யூட்டரின் நாலு ஸ்லாட்டிலும் ரேம் (மெமரி) குச்சி, பழசு இரண்டு, புதுசு இரண்டு. பவர் பட்டனை அமுக்கினேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, கலர் கலராக லைட் எரிகிறது, கேபினெட் முழுக்கத் தேர்த்திருவிழா. மானிட்டர் மட்டும் கறுப்பு. மதர்போர்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் லைட், குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒரு நிமிடம் ஆச்சு. இரண்டு ஆச்சு. காலையில் ஒன்பது மணிக்குள் ஒரு கல்யாண ரிசப்ஷன் வீடியோவின் ஹைலைட்ஸ் அனுப்பியாக வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் குலதெய்வம் ஞாபகம் வந்தது. நாலாவது நிமிடத்தில் ரேம் விற்றவனுக்கு போன் அடித்தேன். அந்த நேரத்திலும் எடுத்தான், அதற்கு ஒரு கும்பிடு.

“டிரெய்னிங் போகுதுண்ணே. ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க.”

“எதுக்குடா டிரெய்னிங்?”

“ரேமுக்குண்ணே.”

முப்பத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள் இன்னும் டிரெய்னிங்கில்தான் இருக்கிறதாம். அடுத்து புரொபேஷன் வைப்பார்களோ என்னவோ. விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. டிடிஆர்5 என்கிற இந்தப் புதுத் தலைமுறை ரேம் ஓடுகிற வேகத்துக்கு எந்தக் கம்பியில் சிக்னல் எத்தனை பிக்கோ விநாடி முந்துகிறது, எதில் பிந்துகிறது என்று மெமரி கன்ட்ரோலர் அளந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். புதுக் குச்சி செருகினால் அந்த வேலை முதலிலிருந்து. தெரியும்தான். ஆனால் கறுப்புத் திரைக்கு முன்னால் ராத்திரி உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது ஒன்றும் உதவிக்கு வராது.

ஆறாவது நிமிடத்தில் மெஷின் தானாகவே அணைந்தது. தானாகவே எரிந்தது. மறுபடி மஞ்சள் லைட். தூக்கத்தில் எழுந்து வந்த மனைவி, “ஏங்க, ஓடுதா, இல்ல போயிடுச்சா?” என்றாள். “படிச்சிட்டிருக்கு” என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏழரை நிமிடத்தில், ஏழரை என்றால் வேறென்ன நடக்கும், பொறுமை போய் பட்டனை அமுக்கிப் பிடித்து ஆஃப் செய்தேன். தப்பு என்னுடையதுதான். மறுபடி ஆன் செய்தால் படிப்பு எல்கேஜியிலிருந்து. இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொரு நிமிடம். படம் வந்தது. பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில், பார்த்தால் 64 ஜிபி, சரி. ஸ்பீடு? 4000. பெட்டியில் போட்டிருப்பது 4800. கேட்டால், நாலு குச்சி போட்டால் அப்படித்தானாம், கன்ட்ரோலர் தாங்காதாம். காசு கொடுத்தால் வேகம் கூடும் என்பது ஊர் உலக வழக்கம். இங்கே கூடுதலாகக் காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

விட்டேனா? பெட்டியில் போட்ட வேகத்தைக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கைத் தட்டி 4800 ஆக்குவோம் என்று தட்டினேன். மறுபடி கறுப்பு. இந்தத் தடவை திரும்பி வரவே இல்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் வட்ட பேட்டரியைப் பிடுங்கி, போட்ட செட்டிங் எல்லாம் மறந்து போகட்டும் என்று ஐந்து நிமிடம் கையிலேயே வைத்திருந்து, மறுபடி மாட்டி... அப்புறம் அதே டிரெய்னிங். மணி ஒன்று இருபது.

இந்த வீட்டுக்குள் டிடிஆர்5 வந்த கதையைச் சொல்லாவிட்டால் என் ஆத்திரம் புரியாது. 2021 நவம்பரில் இன்டெல் 12-ஆம் தலைமுறை பிராசஸர் வந்தது. அதன் சிறப்பே பழைய டிடிஆர்4, புது டிடிஆர்5 இரண்டில் எதையும் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான். ஒரே மதர்போர்டில் இல்லை, ஏதாவது ஒன்றுக்கான போர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காடி வெட்டியிருக்கும் இடமே வேறு, பழையது புதியதில் நுழையாது. ஆக, கடவுள் என் கையில் இரண்டு வழியைக் கொடுத்தார். நான் எதை எடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டுமா?

2022 ஜனவரி, சென்னை ரிச்சி தெரு. நாலு கடை ஏறி இறங்கினேன். “டிடிஆர்5-ஆ? வந்தா சொல்றேன் சார்.” டிடிஆர்4 வரைக்கும் மின்னழுத்தத்தைச் சரிசெய்து கொடுக்கும் வேலை மதர்போர்டுடையது. டிடிஆர்5-இல் அந்தச் சிப்பைத் தூக்கிக் குச்சியின் மேலேயே வைத்துவிட்டார்கள். அப்போது உலகம் முழுக்க அந்தச் சுண்டு விரல் நகத்தளவு சிப்புக்குத்தான் பஞ்சம். மெமரி இருக்கிறது, அதற்குக் கரண்ட் கொடுக்கிறவன் இல்லை! ஐந்தாவது கடையில் இருந்தது. “தனியா தர மாட்டோம் சார், போர்டோட சேர்த்து எடுத்தா தரலாம்.” தீபாவளிக்குச் சீனி கேட்டால் சோப்பும் வாங்கு என்கிற மளிகைக்கடை நியாயம். எடுத்தேன். இரண்டு 16 ஜிபி, 4800, சிஎல் (தாமதக் கணக்கு) 40. ரேம் மட்டும் 29,500 ரூபாய், அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. அதே அளவு டிடிஆர்4 பக்கத்து ராக்கில் பத்தரை ஆயிரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. கடைக்காரரே, “டிடிஆர்4 போர்டு போதுமே சார்” என்றார். நல்ல மனிதர். நான்தான், “ஃபியூச்சர் ப்ரூஃப்” என்று ஒரு வார்த்தையை உதிர்த்தேன். அந்த வாயில் ஒன்று போட்டிருக்கலாம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 4800-இல் சிஎல் 40 என்றால், கேட்டது கைக்கு வர 16.67 நானோ விநாடி. மச்சினன் அதே பிராசஸருக்கு வாங்கிய டிடிஆர்4, 3200-இல் சிஎல் 16, வெறும் 10 நானோ விநாடி. ஒரே நேரத்தில் அள்ளிக்கொடுக்கும் அகலம் டிடிஆர்5-இல் கூடுதல், வாஸ்தவம், ரெண்டரிங்கில் சில இடங்களில் பலன் தெரியும். ஆனால் எடிட்டிங்கில் டைம்லைனை இழுத்துப் பார்க்கும்போது என் மெஷினுக்கும் அவன் மெஷினுக்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. அவன் மிச்சம் பிடித்த பத்தொன்பதாயிரத்தில் லென்ஸ் வாங்கினான். இப்போது எனக்குத்தான் வாடகைக்குத் தருகிறான். “மாமா, உங்ககிட்ட காசு வாங்குவேனா?” என்று சொல்லிக்கொண்டே வாங்குகிறான்.

கேளுங்கள், அடுத்த வருஷம், 2023. என்னிடம் அசிஸ்டன்ட்டாக இருந்த தம்பி புது மெஷின் போட்டான். டிடிஆர்5, 32 ஜிபி, அதுவும் 6000 ஸ்பீடு. எவ்வளவு என்றேன். “பத்தாயிரத்துக்குள்ளதாண்ணே.” என்னுடைய விலையில் மூன்றில் ஒரு பங்கு! “உங்களுது எவ்வளவுண்ணே?” என்று திருப்பிக் கேட்டான். இருமல் வந்துவிட்டது எனக்கு.

புதுசு புதுசு என்று ஓடினால் இதுதான் கதி என்று எனக்கு முன்பே ஒரு அண்ணன் வாழ்ந்து காட்டியிருக்கிறார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். பென்டியம் 4 வந்த புதிதில் அதற்கு ராம்பஸ் மெமரிதான் போட முடியும். யானை விலை. ஜோடியாகத்தான் செருக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, காலியாக இருக்கும் ஸ்லாட்டைக் காலியாக விடக்கூடாது, அதில் ஒரு பொம்மைக் குச்சியைச் செருக வேண்டும். உள்ளே மெமரி சிப் ஒன்றுகூட இல்லாத குச்சி! இரண்டே வருஷத்தில் சாதா டிடிஆர் வந்து அத்தனையையும் பரணில் ஏற்றிவிட்டது. அந்தப் பொம்மைக் குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் நான்.

சரி, பட்டுத் திருந்தினேன். 32 ஜிபி போதவில்லை, டைம்லைன் திணறுகிறது, இருந்தாலும் அவசரப்படவில்லை. இனிமேல் விலை இறங்கட்டும், காத்திருப்போம், பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இரண்டு வருஷம் தவம் இருந்தேன். நான் காத்திருப்பது தெரிந்ததுபோல, 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு என்று மெமரி மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டது. உலகத்துக்கே பெரும்பாலான மெமரி சிப் செய்வது மூன்று கம்பெனி. அதில் மைக்ரான், டிசம்பரில் க்ரூஷியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் கடையையே மூடுகிறேன் என்று அறிவித்துவிட்டது. விலை விடுவிடுவென்று ஏறியது. நாலு வருஷத்துக்கு முன்னால் 29,500 கொடுத்தேனே, அதே 4800 குச்சி ஜோடிக்கு இப்போது 32,000 கொடுத்தேன்! அவசரப்பட்டபோதும் நான்தான் ஏமாளி, பொறுத்தபோதும் நான்தான் ஏமாளி. நடுவில் சாவகாசமாக வந்தவன் எல்லாம் பத்தாயிரத்துக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து” என்பார்கள். பந்தி என்று நினைத்து ஓடிப்போய் உட்கார்ந்தேன், அது படை. ராத்திரி இரண்டு மணிக்கு 4000-இலேயே ஓடித் தொலை என்று விட்டுவிட்டு, அந்த ஹைலைட்ஸை எடுத்தேன். ரெண்டர் முடிய எவ்வளவு நேரம் மிச்சம் ஆனது தெரியுமா? வேண்டாம் விடுங்கள். சிரிப்புதான் வருகிறது.

பந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கல்யாணத்திலும் வீடியோ எடுக்கிறவனை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. காலை நாலரையிலிருந்து தோளில் கேமரா. மூன்றே கால் மணிக்குக் கடைசிப் பந்தியில், பாதி சுருட்டிய பேப்பர் விரிப்பின் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். வடை தீர்ந்துவிட்டது, பாயாசம் தீர்ந்துவிட்டது. வாளியைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே பரிமாறும் பையன் கேட்கிறான்: “ரசம் இருக்குண்ணே, சோறுதான் வடிக்கணும். பத்து நிமிஷம் வெயிட் பண்றீங்களா?”