எல்லா வயலுக்கும் தக்கைப்பூண்டு சரிவருமா?

பசுந்தாள் உரத்துக்காக, அதாவது வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழுவதற்காக, தக்கைப்பூண்டை எந்த நிலத்திலும் விதைக்கலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. திருகோணமலையில் இருந்து பார்த்தால், அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. விதை எவ்வளவு என்பதற்கு முன், மண்ணில் ஈரம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமம் பக்கத்துப் பள்ள வயல்களுக்குத் தக்கைப்பூண்டு நல்ல தெரிவுதான். வேரூன்றிவிட்டால் நீர் தேங்கினாலும் தாங்கும், ஓரளவு உவரையும் தாங்கும். ஆனால் முளைக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும். இதைக் கட்டுரை சொல்லவே இல்லை. மணிலா அகத்தி என்ற இன்னொரு பசுந்தாள் செடிக்கு, தழைச்சத்தைச் (நைதரசன்) சேர்க்கும் முடிச்சுகள் வேரில் மட்டுமல்ல, தண்டிலும் உண்டு. அதனால் வேர் நீருக்குள் கிடந்தாலும் அது தழைச்சத்தைச் சேர்க்கும். பகல் குறுகும் மாதங்களில் விதைத்தால் மட்டும் சீக்கிரம் பூத்து, தழை குறைந்துவிடும்.

நிலாவெளி, குச்சவெளி மணல் காணிகளின் கதை வேறு. அங்கே சணப்பை போடலாம், வறட்சியைத் தாங்கும். ஆனால் நீர் தேங்கினால் ஆள் காலி! இன்னும் காய்ந்த மேட்டுக்குக் கொழுஞ்சி. அதன் விதைத்தோல் கடினம், வெந்நீரில் நனைத்தோ மணலோடு தேய்த்தோ விதைக்காவிட்டால் சரியாக முளைக்காது.

அப்புறம், செடி பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழச் சொல்கிறது கட்டுரை. சரி, சிறுபோகம் (கோடைக்கால நெற்பயிர்) முடிந்த ஆவணி வெயிலில் மண் காய்ந்து கிடந்தால்? உழுதாலும் தழை மக்காது. வாய்க்காலில் தண்ணீர் கிடைக்காதவர்கள் பெரும்போகத்தின் (மாரிக்கால நெற்பயிர்) முதல் மழைக்குப் பிறகு வேலியோரக் கிளிசிரிடியா மரத்தின் தழையை வெட்டிப் போடுவது நல்லது.