தென்கரையில் நின்றவர்கள்

1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில், ரைன் ஆற்றுப் பாலத்தைப் பிடிக்க இறங்கிய பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் ஜெர்மானியரிடம் சிக்கிக்கொண்டதைப் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் அவர்களைக் காப்பாற்ற வந்த போலந்துப் படைக்கு அதில் ஒரே ஒரு வரிதானா? மனசு கேட்கவில்லை.

21ஆம் தேதி போலந்து வீரர்கள் ஆற்றின் தென்கரையில் உள்ள டிரியல் கிராமத்தில் குதித்தார்கள். எதிர்க்கரையில் கூட்டாளிகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் ரைன் ஆறு. நம்பி வந்த படகுத்துறையில் படகே இல்லை. மறுநாள் இரவு சின்னச் சின்ன ரப்பர் படகுகளில் இறங்கினார்கள். ஜெர்மானியர் சுட்ட சூட்டில் அக்கரை சேர்ந்தவர்கள் சுமார் 50 பேர்தான்.

அப்புறம் 25ஆம் தேதி இரவு, கொட்டும் மழை. சத்தம் கேட்காமலிருக்க பூட்ஸில் துணி சுற்றிக்கொண்டு, வெள்ளை நாடா காட்டிய வழியில் வடகரையில் சிக்கியிருந்த வீரர்கள் ஆற்றுக்கு இறங்கி வந்தார்கள். கனடா, பிரிட்டிஷ் பொறியாளர்கள் ஓட்டிய படகுகளில் சுமார் 2,400 பேர் மீண்டார்கள். விடிந்ததும் படகு நின்றுவிட்டது. மிஞ்சியவர்கள் கைதானார்கள்.

தோல்விக்கான பழியோ போலந்துத் தளபதி சொசபோவ்ஸ்கி தலையில் விழுந்தது. ஆர்னெமில் இறங்கும் இந்தத் திட்டம் ஆபத்து என்று முன்பே எச்சரித்தவர் அவர்! பதவியைப் பறித்தார்கள். நெதர்லாந்து அவருக்கு வீர விருது அறிவித்தது 2006இல்தான். மனிதர் 1967இலேயே போய்விட்டார், அதுவும் லண்டனில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியாகக் காலம் தள்ளி.