சில இடங்களில் மழையாம்

வரும் கிழமைக்கும் வானிலை அறிவிப்பில் அதே வசனந்தான்: கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யக்கூடும். திருகோணமலையில் இருந்து பொத்துவில் தாண்டியும் கிடக்கிற மாகாணத்தில் எந்த இடம்? இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் வெயில் சூட்டில் எழும்பும் மழை அப்படித்தான், ஓர் ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் தூறாது. சரி, விளங்குது. ஆனால் புத்தாண்டுக்குத் தூள் இடிக்க மிளகாய் காயப்போட்டவர்கள் என்ன செய்வது? மேற்கே கொஞ்சம் கறுத்தாலே அம்மா "பாயைச் சுருட்டு" என்கிறா. சுருட்டி முடிக்க, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இடி மட்டும் முழங்கிவிட்டு ஓய்ந்துவிடும். மட்டக்களப்பில் பழையபடி மண்டையைப் பிளக்கிற வெயில். ஏப்ரல் 5 தொடங்கிச் சூரியன் இலங்கைக்கு நேரே உச்சியில் வேறு நிற்கும். காற்றாவது வீசுமா என்றால், தென்மேல் பருவத்துக் கச்சான் காற்றுப் பிறக்க வைகாசி ஆகும்.