ஆன்டிகனி அடம்பிடித்த பெண் இல்லை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. கூடப்பிறந்த பாசம் கண்ணை மறைக்க, நாட்டுச் சட்டத்தை மீறி, மாமன் குடும்பத்தையே அழித்த பெண் என்று, சோஃபோக்ளிஸ் எழுதிய பழைய கிரேக்க நாடகத்தின் நாயகி ஆன்டிகனியைச் சொன்னார். அரங்கம் கை தட்டியது. பேச்சைக்கூட விட்டுவிடலாம், அந்தக் கைதட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை.

எது சட்டம்? தீப்ஸ் நகரத்து வாசலில் ஆன்டிகனியின் சகோதரர்கள், மன்னன் ஈடிபஸின் மகன்கள் எட்டியோகிளிஸும் பாலினிசஸும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு சாகிறார்கள். ஆட்சி தாய்மாமன் கிரியோன் கைக்கு வருகிறது. வந்த கையோடு ஆணை போடுகிறான்: எட்டியோகிளிஸுக்கு மரியாதையோடு அடக்கம். பாலினிசஸை நாயும் பறவையும் தின்னட்டும், யாரும் அழக்கூடக் கூடாது. மீறினால் ஊர் நடுவே கல்லால் அடித்துக் கொலை. சபை கூடி எடுத்த முடிவு இல்லை இது, ஒரு மனிதனின் வாய்ச்சொல். ஒன்றும் செய்யாத அவள் சகோதரி இஸ்மெனியையும் சேர்த்துக் கொல்வேன் என்கிறான், முதியவர்கள் கேட்டதும் விட்டுவிடுகிறான். கல்லடி என்றது, உயிரோடு குகையில் அடைப்பது என்று மாறுகிறது. ஊருக்குப் பழி வராமலிருக்கக் கொஞ்சம் உணவும் வைப்பானாம். ஒரே நாளில் இத்தனை முறை மாறுவது சட்டமா?

"ஊர்மீதே படையெடுத்த துரோகிக்கு என்ன மரியாதை?" என்பீர்கள். பாலினிசஸ் ஆர்கோஸ் என்ற வேறு நகரத்தின் படையைக் கூட்டி வந்தவன்தான், மறுக்கவில்லை. ஏதென்ஸிலும் துரோகியை அதைச் சுற்றிய அட்டிக்கா மண்ணில் புதைக்கத் தடை இருந்தது. ஆனால் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கலாம். கிரியோன் அந்த வழியையும் அடைத்து, பிணத்துக்குக் காவல் போட்டான். சாலமிஸ் போரில் ஏதென்ஸைக் காப்பாற்றிய தெமிஸ்டாக்ளிஸையே பிறகு துரோகி என்றார்கள். அவருடைய எலும்புகளை ரகசியமாக அட்டிக்காவில் புதைத்ததாக உறவினர்கள் சொன்னதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடைடிஸ் எழுதி வைத்திருக்கிறார். அவர்களும் அடம்பிடித்தவர்களா?

ஆன்டிகனி செய்ததுதான் என்ன? பாலினிசஸின் பிணத்தின்மேல் முதலில் தூவிய மண்ணைக் காவலர்கள் துடைத்துவிட்டு, நாற்றம் தாங்காமல் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மேட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் புழுதிக்காற்று அடித்து ஓய்கிறது. பார்த்தால் அவள் நிற்கிறாள், குஞ்சில்லாத கூட்டைக் கண்ட பறவை மாதிரி கதறுகிறாள். கையால் மண்ணை அள்ளிப் போட்டு, வெண்கலச் செம்பிலிருந்து மூன்று முறை ஊற்றுகிறாள். பிடித்தபோது ஓடவில்லை, மறுக்கவும் இல்லை.

சரி, என் வீட்டுக் கதை ஒன்று. சொத்துத் தகராறில் எங்கள் பெரியவர்கள் என் மாமாவைத் தள்ளிவைத்திருந்தார்கள். அவர் இறந்தபோது, அந்த வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. அம்மா யாரையும் கேட்கவில்லை. கோடி வேட்டியும் எண்ணெயும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினார். தம்பி தலையில் எண்ணெய் வைத்தார், வாய்க்கரிசி போட்டார். அப்புறம் பல வருடம் எந்த விசேஷத்துக்கும் அவருக்கு அழைப்பில்லை. அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில் சிலரை அந்தக் காணொளியில் முன்வரிசையில் பார்த்தேன். அவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

"இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்று ஜெர்மன் தத்துவவாதி ஹெகலே சொன்னாரே" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் வந்தார். சொல்லட்டும். கணவனுக்கோ பிள்ளைக்கோ இதைச் செய்திருக்க மாட்டேன் என்று ஆன்டிகனி பேசுமிடம் ஜெர்மன் கவிஞர் கேதேக்கே உறுத்தியது, எனக்கும் உறுத்துகிறது. சாகப்போகிறவள் தனியாக நின்று பேசும் ஒரு வாக்கியத்தை வைத்து அவள் செய்ததையே தள்ளிவிடுவீர்களா? ஊரே இருட்டில் அவளுக்காக முணுமுணுக்கிறது என்று கிரியோனிடம் சொல்வது யார்? பெற்ற மகன் ஹீமோன். ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை என்று அவன் சொல்வது எந்தப் பாசத்தில் சேரும்? பிணம் தின்ற நாயும் பறவையும் பலிபீடங்களைத் தீட்டாக்கிவிட்டன என்று குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸ் வந்து சொன்ன பிறகு, பாலினிசஸை அடக்கம் செய்வதே கிரியோன்தான்!

பேசியவர் அடுத்த மாதமும் இதே தலைப்பில் பேசப்போகிறாராம். பேசட்டும். மகனும் மனைவியும் பிணமாகக் கிடக்க, நான்தான் கொன்றேன் என்று கிரியோன் தன் வாயால் சொல்லும் கடைசிப் பக்கங்களையும் மேடையில் வாசிக்கட்டும். அதற்குப் பிறகும் கை தட்டத் தோன்றுகிறவர்கள் தட்டிக்கொள்ளுங்கள்.